தெரிந்தவர் ஓய்வு பெற்றுப் போன பிறகு

அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல்கள் சுமக்கும் அணு ஆயுதங்களில் டபிள்யூ-76 என்று ஒரு வகை உண்டு. பழசாகிப்போன அதன் ஆயுளை நீட்டிக்க 2000-ஆம் ஆண்டையொட்டி முடிவெடுத்தபோது, அதற்குள் இருக்கும் ஒரு பொருளைப் புதிதாகத் தயாரிக்க வேண்டியிருந்தது. ‘ஃபாக்பேங்க்’ என்பது அதன் சங்கேதப் பெயர். அது என்ன பொருள் என்பதை அரசு இன்றுவரை வெளியிடவில்லை. வெளியிலிருந்து வாங்கியதும் அல்ல. டென்னசி மாநிலம் ஓக் ரிட்ஜில் இருக்கும் ஒய்-12 ஆலையில் 1980-களில் அணு ஆயுதத் துறையே தயாரித்ததுதான். மறுபடி செய்யத் தொடங்கியபோதோ, எப்படிச் செய்வது என்று முழுதாகச் சொல்ல ஆள் இல்லை.

2009-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் காரணத்தை ஒளிவுமறைவில்லாமல் எழுதியது. தயாரித்த காலத்தில் செய்முறை பற்றிய பதிவுகள் மிகக் குறைவாகவே வைக்கப்பட்டன. செய்யத் தெரிந்தவர்கள் ஏறக்குறைய எல்லோருமே ஓய்வு பெற்றோ, வேலையை விட்டோ போய்விட்டார்கள். இதனால் ஏற்பட்ட கூடுதல் செலவு 6.9 கோடி டாலர். பின்னர் லாஸ் அலமாஸ் ஆய்வகம் இன்னொரு விவரத்தையும் வெளியிட்டது. பழைய முறையை மீட்டெடுத்துச் செய்து பார்த்தும் பொருள் சரியாக வரவில்லை. துருவிப் பார்த்ததில், மூலப்பொருள் ஒன்றில் அந்தக் காலத்தில் தங்கியிருந்த ஒரு மாசுதான் தேவையான குணத்தைத் தந்திருக்கிறது என்று தெரிந்தது. இப்போதைய சுத்திகரிப்பு முறை அந்த மாசை நீக்கிவிட்டது. அது முக்கியம் என்று பழைய ஊழியர்களுக்கே தெரியாததால், யாரும் எழுதி வைக்கவில்லை.

ஆவணங்களைப் பூட்டிப் பாதுகாப்பதில் அணு ஆயுதத் துறையை மிஞ்ச ஆள் கிடையாது. அங்கேயே இந்தக் கதி என்றால், பத்தாயிரக்கணக்கானோர் வேலை செய்கிற வங்கியிலும் மருத்துவமனையிலும் மின்வாரியத்திலும் ஒவ்வொரு மாதக் கடைசியிலும் எவ்வளவு அறிவு வாசலைத் தாண்டிப் போகிறது என்று நினைத்துப் பார்க்கலாம். இந்தப் பம்ப் மழைக்காலத்தில் ஏன் தகராறு செய்யும், அந்த ஒப்பந்ததாரரிடம் எதை எழுதி வாங்க வேண்டும், எந்தச் சுற்றறிக்கை எந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தது என்பதெல்லாம் யாரோ ஒருவருக்குத் தெரியும். அவர் இடமாற்றமாகிப் போனதும், அடுத்தவர் முதலிலிருந்து கற்கிறார்.

இதற்கு மருந்தாகத்தான் பெரிய நிறுவனங்கள் ‘அறிவுக் களஞ்சியம்’ என்ற ஒன்றைக் கட்டுகின்றன. அனுபவத்தில் தெரிந்ததையெல்லாம் ஓரிடத்தில் சேர்த்து, யார் வேண்டுமானாலும் தேடி எடுக்கும்படி வைப்பது. கேட்க எளிதாக இருக்கிறது. நாற்பது ஆண்டுகளாக இதில் கோடிக்கணக்கில் பணம் போட்டவர்களின் கதையைப் பார்த்தால், சிலருடையது செழித்திருக்கிறது, பலருடையது யாரும் திறக்காத அறையாகக் கிடக்கிறது. மென்பொருள் இதற்குக் காரணமாக இருப்பது அபூர்வம்.

செர்ன் ஆய்வகத்தில் நடந்ததைப் பாதிக் கதையாகத்தான் பலரும் கேட்டிருப்பார்கள். ஜெனீவாவுக்கு அருகே, சுவிட்சர்லாந்து, பிரான்ஸ் எல்லையில் இருக்கும் அணுத்துகள் ஆய்வு மையம் அது. அங்கே மென்பொருள் பணியில் இருந்த டிம் பெர்னர்ஸ்-லீ 1989 மார்ச்சில் தன் மேலாளருக்கு ஒரு முன்மொழிவு கொடுத்தார். உலகத்தை இணைக்கப் போகிறேன் என்று அதில் எழுதவில்லை. தகவல் மேலாண்மை என்பதே அதன் தலைப்பு. செர்னில் எல்லாமே தொலைந்துகொண்டிருக்கிறது என்பதுதான் அவருடைய கவலை. ஆயிரக்கணக்கானோர் வேலை செய்கிற இடம். ஒருவர் தங்குவது பெரும்பாலும் இரண்டு ஆண்டுதான். புதிதாக வருபவருக்கு எது எங்கே என்று சொல்லிக்கொடுப்பதிலேயே மற்றவர்களின் நேரம் போகிறது. முடிந்துபோன திட்டங்களின் நுணுக்கங்கள் நிரந்தரமாகக் காணாமல் போகின்றன. அவசரத்துக்கு வேண்டுமென்றால் துப்பறிந்துதான் மீட்க வேண்டும். இதையெல்லாம் சொல்லிவிட்டு அவர் சேர்த்த ஒரு குறிப்பு முக்கியமானது. பெரும்பாலும் தகவல் எங்கோ பதிவாகித்தான் இருக்கிறது, கண்டுபிடிக்கத்தான் முடியவில்லை.

அப்போது செர்னில் ஆவணங்களைச் சேமிக்கும் கணினி அமைப்பு ஏற்கெனவே இருந்தது. கிளை பிரிந்து பிரிந்து போகும் அடுக்கு முறையில் ஆவணங்களை வைத்திருந்தார்கள். ஒரு மின்சுற்றுப் படத்தைத் ‘துறை’யின் கீழ் வைப்பதா, ‘சோதனை’யின் கீழ் வைப்பதா, ‘கருவி’யின் கீழ் வைப்பதா? வைத்தவர் ஒரு கிளையை நினைப்பார், தேடுபவர் வேறொன்றில் ஏறுவார். குறிச்சொற்கள் கொடுத்துச் சேமித்தாலும் இதே பிரச்சினை. இருவர் ஒரே குறிச்சொல்லைத் தேர்வதில்லை என்று அவர் முன்மொழிவிலேயே குறிப்பிட்டிருக்கிறார். ஆகவே எந்த ஆவணமும் எந்த ஆவணத்தையும் சுட்டலாம், எந்தக் கணினியில் இருந்தாலும் எட்டலாம் என்ற வலைப்பின்னலை அவர் கேட்டார். மேலாளர் மைக் செண்டால் அந்தத் தாளின் மேல், தெளிவில்லை என்றாலும் ஆர்வமூட்டுகிறது என்ற பொருளில் ஒரு வரி கிறுக்கி வைத்தார். 1990-இல் நெக்ஸ்ட் நிறுவனக் கணினி ஒன்றை வாங்கவும் அனுமதி தந்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் முதல் வலை உலாவியும் முதல் வழங்கியும் ஓடத் தொடங்கின.

ஆக, இன்று உலகமே புழங்கும் இணைய வலை, ஒரு பெரிய நிறுவனம் தன்னுடைய சொந்த அறிவைத் தொலைக்காமல் இருக்க எடுத்த முயற்சியில் பிறந்தது.

ஆனால் செர்ன் ஊழியர்கள் அதை ஓடிவந்து தழுவிக்கொள்ளவில்லை. எல்லோரிடமும் நெக்ஸ்ட் கணினி கிடையாது. நிக்கோலா பெல்லோ என்ற மாணவி எந்தச் சாதாரண முனையத்திலும் ஓடக்கூடிய, எழுத்துகளை மட்டும் காட்டும் உலாவியை எழுதினார். அதன் வழியே முதலில் தரப்பட்ட பயனுள்ள சரக்கு என்ன தெரியுமா? செர்னின் தொலைபேசிப் புத்தகம். அதுவரை அந்த எண்களைப் பார்ப்பதற்காக மட்டுமே பலர் மெயின்ஃப்ரேம் கணினிக்குள் நுழைந்தாக வேண்டியிருந்தது. அந்தத் தொல்லை தீர்ந்தது. இயற்பியலாளருக்கு வலையின் தத்துவம் புரியாமல் இருந்திருக்கலாம். பக்கத்துக் கட்டடத்து ஆளின் எண் நொடியில் கிடைத்தது புரிந்தது. களஞ்சியம் கட்டப் புறப்படும் எந்த நிறுவனமும் இந்த இடத்தில் சற்று நிற்பது நல்லது. தலைமை அலுவலகம் பெருமையாகக் காட்ட நினைக்கும் ஆய்வறிக்கைகளைவிட, ஊழியர் தினமும் நாலு பேரைக் கேட்டுத் திரிகிற ஒரு சின்ன விஷயமே மக்களை உள்ளே இழுக்கும்.

தேடல் எப்படி வேலை செய்கிறது என்பதையும் இங்கே சொல்லிவிடலாம். தேடும் நேரத்தில் கணினி ஆவணங்களை ஒவ்வொன்றாகப் புரட்டுவதில்லை. முன்கூட்டியே எல்லா ஆவணங்களையும் படித்து, புத்தகத்தின் கடைசியில் இருக்கும் சொல்லடைவு போல ஒன்றைத் தயாரித்துக்கொள்கிறது. இந்தச் சொல் இந்த இந்த ஆவணங்களில், இத்தனை முறை வருகிறது என்ற பட்டியல் அது. தேடும்போது அந்தப் பட்டியலைத்தான் பார்க்கிறது. கிடைத்தவற்றில் எதை முதலில் காட்டுவது என்பது அடுத்த கேள்வி. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் 1972-இல் இதற்கு எளிமையான, ஆழமான ஒரு வழி சொன்னார். எல்லா ஆவணத்திலும் வரும் சொல்லுக்கு மதிப்பு குறைவு. அபூர்வமாக வரும் சொல்லுக்கு மதிப்பு அதிகம். ஒரு மின்வாரியத்தின் கோப்புகளில் ‘மின்சாரம்’ என்று தேடுவதில் பயனில்லை, ‘ரிலே’ என்ற சொல்தான் வழிகாட்டும். இன்றைய தேடுபொறிகளின் அடித்தளத்திலும் இந்தக் கணக்கு இருக்கிறது.

பொது இணையத்தில் கூகுளில் போட்டதும் கிடைக்கிறதே, எங்கள் அலுவலக இணையதளத்தில் மட்டும் ஏன் ஒன்றும் கிடைப்பதில்லை என்று ஊழியர்கள் அங்கலாய்ப்பதுண்டு. காரணம் இருக்கிறது. பொது வலையில் ஒரு பக்கத்தைப் பல்லாயிரம் பக்கங்கள் சுட்டுகின்றன. எது பயனுள்ளது என்பதற்கு அந்தச் சுட்டல்களே சாட்சி. அலுவலகத்துக்குள் ஒரு சுற்றறிக்கையை இன்னொரு சுற்றறிக்கை இணைப்பாகச் சுட்டுவதில்லை. ஒரே ஆவணத்தின் ஏழு பிரதிகள், ‘இறுதி’, ‘இறுதி-2’, ‘திருத்தியது’ என்ற பெயர்களில் வெவ்வேறு கணினிகளில் கிடக்கும். யார் எதைப் பார்க்கலாம் என்ற கட்டுப்பாடு வேறு. பொது வலையில் தேடுபவருக்குப் பத்தில் ஒன்று பொருந்தினாலும் போதும். அலுவலகத்தில் தேடுபவருக்கு அந்த ஒரே ஒரு தாள்தான் வேண்டும்.

சொல் பொருந்தாமையும் சாதாரணப் பிரச்சினை அன்று. ஜார்ஜ் ஃபர்னாஸ், தாமஸ் லாண்டவர் முதலானோர் 1987-இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் எல்லோரும் அறிந்தது. ஒரு பொருளுக்கோ செயலுக்கோ பெயர் வைக்கச் சொன்னால், இரண்டு பேர் தாமாகவே ஒரே சொல்லைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு 20 சதவீதத்துக்கும் குறைவு என்று அவர்கள் கண்டார்கள். அலுவலக மொழியில் ‘மின் வழங்கல் தடை’ என்று எழுதியிருப்பார்கள். களத்தில் இருப்பவர் ‘கரண்ட் கட்’ என்று தேடுவார். நல்ல களஞ்சியம் இரண்டையும் ஒன்றாக அறிந்திருக்க வேண்டும். அதற்கு யாராவது உட்கார்ந்து, தொழிலில் புழங்கும் சொற்களைக் கேட்டுக் கேட்டுத் தொகுக்க வேண்டும்.

தமிழில் இந்த வேலை இன்னும் ஒரு படி கூடுதல். ‘அணை’ என்று தேடினால் ‘அணையில்’, ‘அணைக்கு’, ‘அணைகளின்’ என்று வரும் இடங்களையும் காட்ட வேண்டும். வேற்றுமை உருபைப் பிரிக்கத் தெரியாத தேடுபொறிக்கு இவை நான்கும் நான்கு தனித்தனிச் சொற்கள். பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகளின் நிலை இன்னும் மோசம். தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடு என்ற பொது எழுத்துக் குறியீட்டு முறையை ஏற்பதற்கு முன்பு ஆளுக்கொரு எழுத்துருவில் அடித்த கோப்புகள் திரையில் தமிழாகத் தெரிந்தாலும், தேடுபொறியின் கண்ணுக்கு அர்த்தமற்ற ரோமன் எழுத்துக் குவியல்தான். ஸ்கேன் செய்து படமாக வைத்திருப்பவை அதுகூட இல்லை. இப்படிப்பட்ட கோப்புகளை மாற்றித் தராமல் எவ்வளவு விலையுயர்ந்த மென்பொருளை வாங்கினாலும், அந்தக் காலகட்டம் முழுவதும் தேடலுக்கு இருட்டாகவே இருக்கும்.

இனி, செழித்த ஒரு களஞ்சியத்தின் கதை. நகல் இயந்திரத்துக்கே தன் பெயரைக் கொடுத்துவிட்ட ஜெராக்ஸ் நிறுவனத்தில் 1980-களில் ஜூலியன் ஓர் என்ற மானுடவியலாளர் பணியாற்றினார். கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் இருந்த அதன் ஆராய்ச்சி மையத்தில் அவருக்கு வேலை. பழுதுபார்க்கும் தொழிலாளர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று பார்க்க, அவர்களுக்கான பயிற்சியில் தானும் சேர்ந்தார். பிறகு அவர்களோடு வாடிக்கையாளர் அலுவலகங்களுக்கும் காலைச் சிற்றுண்டிக் கடைகளுக்கும் போனார். நிறுவனம் அவர்கள் கையில் தடித்த கையேடு ஒன்றைக் கொடுத்திருந்தது. இயந்திரம் இந்தப் பிழை எண்ணைக் காட்டினால் இதைச் சோதி, ஆம் என்றால் அங்கே போ, இல்லை என்றால் இங்கே போ என்று படிப்படியான கட்டளைகள். கையேட்டைப் பின்பற்றினால் எல்லாப் பழுதும் தீரும் என்பது மேலிடத்தின் நம்பிக்கை.

ஜூலியன் ஓர் கண்டது வேறு. இயந்திரங்கள் கையேட்டில் இல்லாத விதங்களில் பழுதாயின. ஒரே மாதிரி இயந்திரம்கூட இடத்துக்கு இடம், ஈரப்பதத்துக்கு ஈரப்பதம், இயக்குபவருக்கு இயக்குபவர் வேறு மாதிரி நடந்துகொண்டது. பிழை எண் ஒன்றைக் காட்டும், கோளாறு வேறொன்றில் இருக்கும். அப்போதெல்லாம் தொழிலாளர்கள் ஒருவருக்கொருவர் கதை சொன்னார்கள். சாப்பாட்டு மேசையில், காபி குடிக்கும்போது, ‘அன்றைக்கு ஒரு இயந்திரம் இப்படித்தான் செய்தது’ என்று தொடங்கும் கதைகள். ஒருவர் கதையின் ஒரு துண்டு இன்னொருவருக்குத் தன் பழுதின் துப்பைக் கொடுத்தது. ஒருமுறை ஒரு தொழிலாளரும் அவருக்கு உதவ வந்த நிபுணரும் பல மணி நேரம் இப்படிக் கதையாகப் பேசிப் பேசியே ஒரு முரட்டுப் பழுதின் காரணத்தைக் கண்டுபிடித்ததை ஜூலியன் ஓர் பதிவு செய்திருக்கிறார். வெளியிலிருந்து பார்க்கும் மேலாளருக்கு அது அரட்டை. உண்மையில் அந்த நிறுவனத்தின் மிகச் சிறந்த தொழில்நுட்ப அறிவு அந்த மேசையில்தான் இருந்தது.

இதே சமயம் அந்த ஆராய்ச்சி மையத்தில் செயற்கை நுண்ணறிவில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள், இயந்திரத்தின் அமைப்பைக் கணினிக்குள் மாதிரியாகக் கட்டிப் பழுதைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் ஒன்றை உருவாக்கினார்கள். தொழிலாளர்களிடம் காட்டியபோது அவர்கள் வியந்தார்கள். ஆனால் களத்தில் தங்களுக்கு உதவாது என்று சொல்லிவிட்டார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது, யாரும் எதிர்பார்க்காத பழுதுகளுக்கான விடை. ஆராய்ச்சியாளர்கள் அந்தப் பதிலைக் கௌரவமாக எடுத்துக்கொண்டு திட்டத்தை மாற்றியதுதான் இந்தக் கதையின் திருப்பம்.

1990-களின் முதல் பாதியில் அவர்கள் பிரான்ஸுக்குப் போனார்கள். அங்கே தொழிலாளர்கள் ஒவ்வொருவரிடமும் சொந்தக் குறிப்பேடு இருந்தது. கையேட்டில் இல்லாத தந்திரங்களைக் கைப்பட எழுதி வைத்திருந்தார்கள். அவற்றைத் தொகுத்து எல்லோருக்கும் தருவது என்று முடிவானது. பிரான்ஸில் அப்போது வீட்டுக்கு வீடு மினிடெல் என்ற தொலைபேசி முனையம் இருந்தது. அதன் வழியாகவே தேடலாம். ‘யுரேகா’ என்று பெயர் பெற்ற அந்த அமைப்பு பிறகு கனடா, அமெரிக்கா என்று பரவியது.

யுரேகாவில் ஒரு குறிப்பு எப்படி நுழையும் என்பதைக் கவனிக்க வேண்டும். தொழிலாளர் தான் கண்ட அறிகுறி, காரணம், அதை உறுதிசெய்யும் சோதனை, தீர்வு ஆகியவற்றை எழுதி அனுப்புவார். அதே வகை இயந்திரத்தில் கைதேர்ந்த சக தொழிலாளர்கள் அதைச் சோதித்துப் பார்ப்பார்கள்; தேவையானால் எழுதியவரோடு பேசித் திருத்துவார்கள்; சரியென்றால் எல்லோருக்கும் போகும். தலைமையகத்துப் பொறியாளர் மேலிருந்து அங்கீகரிப்பதாக இல்லாமல், தொழில் தெரிந்தவரைத் தொழில் தெரிந்தவர் சோதிப்பதாக இருந்தது. குறிப்பின் கீழே எழுதியவர் பெயர் இருக்கும்.

குறிப்புக்குப் பணம் தரலாமா என்ற பேச்சும் எழுந்தது. தொழிலாளர்கள் வேண்டாம் என்றார்கள். பணம் என்று வந்தால் எண்ணிக்கைக்காக எழுதத் தொடங்குவார்கள், தரம் கெடும் என்பது அவர்கள் வாதம். பெயர் போதும் என்றார்கள். வெறும் பெயர் எப்படிப் போதும் என்று கேட்கலாம். நன்றாக எழுதிய ஒருவரை, முகம் பார்த்திராத ஊர்களில் உள்ள தொழிலாளர்கள்கூட அறிந்திருந்தார்கள். நாள் முழுதும் தனியாக வண்டி ஓட்டிக்கொண்டு போய், முகம் சுளிக்கும் வாடிக்கையாளர் முன் மண்டியிட்டு இயந்திரத்தைக் கழற்றுகிறவருக்கு அந்த மதிப்பு சின்னதன்று.

பலன் கண்ணெதிரே வந்தது. பிரேசிலில் ஒரு தொழிலாளர், தீராத பழுதுள்ள விலையுயர்ந்த வண்ண நகல் இயந்திரம் ஒன்றை முழுதாக மாற்றிக் கொடுக்கும் நிலைக்கு வந்துவிட்டார். மாற்றினால் சுமார் 40,000 டாலர் செலவு. அதற்குள் கனடாவின் மான்ட்ரியலில் இருந்த ஒருவர் எழுதிய குறிப்பு யுரேகாவில் அவர் கண்ணில் பட்டது. கோளாறு, ஒரு டாலர்கூடப் பெறாத சிறு உதிரிபாகத்தில் இருந்தது. இருவரும் சந்தித்ததே இல்லை. ஆராய்ச்சி மையத்தின் இயக்குநராக இருந்த ஜான் சீலி பிரவுனும் பால் துகிட்டும் 2000-இல் எழுதியபோது, யுரேகாவால் நிறுவனத்துக்குச் சுமார் 10 கோடி டாலர் மிச்சமானதாக மதிப்பீட்டைக் குறிப்பிட்டார்கள்.

இந்தக் கதைக்கு நேர் எதிராக வைக்க வேண்டியது நாசாவின் அனுபவம். அங்கும் 1990-களிலிருந்து ‘கற்ற பாடங்கள்’ என்ற தரவுத்தளம் இருக்கிறது. வேலையில் அடிபட்டுக் கற்றதை எழுதி வைப்பதற்கானது. 1999 செப்டம்பரில் செவ்வாயை நெருங்கிய ‘மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர்’ விண்கலம் அழிந்தது. ஒரு குழு பவுண்டு அலகில் தந்த உந்துவிசைக் கணக்கை இன்னொரு குழு நியூட்டன் அலகில் எடுத்துக்கொண்டது காரணம். இப்படிப்பட்ட தோல்விகளைத் தொடர்ந்து, நாசா தன் பாடங்களைப் பகிர்ந்துகொள்கிறதா என்று நாடாளுமன்றத் தணிக்கை அலுவலகம் ஆராய்ந்தது. 2002 ஜனவரியில் வந்த அறிக்கையின் சாரம்: திட்ட மேலாளர்கள் பாடங்களை முறையாகச் சேர்ப்பதும் இல்லை, பகிர்வதும் இல்லை. நேரமில்லை என்பது ஒரு காரணம். தவறை வெளியே சொன்னால் திறமையற்றவர் என்று பெயர் வந்துவிடும் என்ற அச்சம் இன்னொன்று. பத்து ஆண்டு கழித்து, 2012-இல் நாசாவின் சொந்தத் தலைமை ஆய்வாளர் அலுவலகம் திரும்பப் பார்த்தது. அப்போதும் பெரும்பாலான திட்ட மேலாளர்கள் அந்தத் தரவுத்தளத்தை நாடுவதில்லை என்றே எழுதியது.

இரண்டு இடங்களிலும் அறிவாளிகளுக்குக் குறைவில்லை. நாசாவில் கணினி வசதியும் குறைவில்லை. ஜெராக்ஸ் தொழிலாளர் பழுதான இயந்திரத்தின் முன் நிற்கும்போதே தேடினார், விடை அன்று மாலைக்குள் பயன்பட்டது. தேடுபவரே நாளை எழுதுபவர்; என்ன எழுதினால் உதவும் என்று அவருக்குத் தெரியும். நாசாவில் பாடம் எழுதுவது திட்டம் முடிந்த பிறகு நிரப்ப வேண்டிய படிவமாக இருந்தது. எழுதியவருக்கு யார் படிப்பார் என்று தெரியாது. புதிய திட்டத்தைத் தொடங்குபவர் எந்தக் கட்டத்தில் அதைத் திறந்து பார்க்க வேண்டும் என்பதும் வேலையின் ஓட்டத்தில் இயல்பாகப் பொருந்தவில்லை. எந்த நிறுவனமும் களஞ்சியத்துக்கு ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன்பு, தன் ஊழியர் தவறை எழுதினால் அவருக்கு என்ன நேரும் என்ற கேள்விக்கு நேர்மையான விடை கண்டாக வேண்டும்.

எழுதி வைத்தாலும் எல்லாம் தாளில் அடங்குவதில்லை என்பதற்கும் நாசாவிலேயே சாட்சி இருக்கிறது. மனிதனை நிலவுக்கு அனுப்பிய சாட்டர்ன்-5 ராக்கெட்டின் வரைபடங்கள் தொலைந்துவிட்டன என்று ஒரு வதந்தி நெடுங்காலமாக உலவுகிறது. அவை தொலையவில்லை, அலபாமா மாநிலம் ஹன்ட்ஸ்வில்லில் உள்ள மார்ஷல் விண்வெளி மையத்தில் மைக்ரோஃபிலிமாக இருக்கின்றன. பின்னாளில் அங்குள்ள இளம் பொறியாளர்கள் அந்த ராக்கெட்டின் எஃப்-1 எஞ்சினைப் புரிந்துகொள்ள விரும்பியபோது, வரைபடத்தோடு நிற்க முடியவில்லை. 1960-களில் அந்த எஞ்சின்களைக் கட்டியவர்கள் கையால் பற்றவைத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சரிசெய்திருந்தார்கள். அந்தக் கைவேலையின் குறிப்புகள் பலவும் வரைபடத்தில் ஏறவே இல்லை. எனவே பாதுகாத்து வைத்திருந்த எஞ்சின் ஒன்றைக் கழற்றினார்கள்; பாகங்களை முப்பரிமாணத்தில் ஸ்கேன் செய்தார்கள். 2013 ஜனவரியில் அதன் வாயு உற்பத்திப் பகுதியை மறுபடி எரியவிட்டுச் சோதித்தார்கள். நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு அந்த நெருப்பு மீண்டும் சீறியது.

எனவே களஞ்சியத்தில் ஆவணம் மட்டும் போதாது. ‘இதைப் பற்றி யாரைக் கேட்கலாம்’ என்ற விவரமும் சேர வேண்டும். ஒவ்வொரு பதிவிலும் ஒருவர் பெயர், அவர் இப்போது எந்தப் பிரிவில் இருக்கிறார் என்ற குறிப்பு. ஓய்வு பெற ஆறு மாதம் இருப்பவரிடம், எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டால் மலைத்துப்போவார். அடுத்து அந்த இருக்கைக்கு வருபவரை அவரோடு உட்காரவைத்து, கேள்வி கேட்கவிட்டு, பேச்சைப் பதிவு செய்தால் ஒரு மதியத்தில் அரிய விஷயங்கள் வெளிவரும். தாம் என்ன அறிந்திருக்கிறோம் என்பதே கேட்கப்படும்வரை பலருக்குத் தெரிவதில்லை.

இன்று இந்தத் துறையில் எல்லோர் வாயிலும் இருப்பது செயற்கை நுண்ணறிவு. சொல்லைச் சொல்லோடு பொருத்தாமல் பொருளைப் பொருளோடு பொருத்தித் தேடும் முறைகள் வந்துவிட்டன. ‘கரண்ட் கட்’ என்று கேட்டாலும் ‘மின் வழங்கல் தடை’ உள்ள தாளை அவை எடுத்துத் தரும். எடுத்த தாள்களைப் படித்து, கேள்விக்கு நேரான பதிலை ‘மொழி மாதிரி’ எனப்படும் மென்பொருள் எழுதித் தரும். 1987-இல் ஃபர்னாஸ் குழுவினர் சுட்டிய சிக்கலில் பெரும்பகுதி இதனால் தீர்கிறது. இது மெய்யான முன்னேற்றம்.

ஆபத்தும் இதே இடத்தில் இருக்கிறது. முன்பு தேடினால் பத்துத் தாள்கள் வரும். தேதியைப் பார்த்துப் பழையதை ஒதுக்கும் வேலையை ஊழியர் செய்தார். இப்போது ஒரே பதில் வருகிறது. ரத்தாகிப்போன விதி ஒன்று களஞ்சியத்திலேயே கிடந்தால், அதை வைத்தும் தெளிவான, நம்பும்படியான பதிலை இயந்திரம் எழுதிவிடும். மருத்துவமனையில் மருந்தின் அளவு பற்றிய பழைய குறிப்பாக அது இருந்தால் விளைவு என்ன ஆகும்? ஆகவே பதிலோடு எந்தத் தாளிலிருந்து எடுத்தது என்ற சுட்டல் வேண்டும். ஒவ்வொரு தாளுக்கும் ஒரு பொறுப்பாளர், மறுபரிசீலனைத் தேதி, காலாவதியானதை அகற்றும் அதிகாரம் வேண்டும். மதிப்புக் குறைவான வேலை என்று இதை ஒதுக்கும் நிறுவனங்கள், சேர்ப்பதற்கு மட்டும் ஆள் வைத்துக் களைவதற்கு ஆள் வைக்காமல் விடுகின்றன. நூலகர் பயிற்சி பெற்றவர்கள் இந்தப் பணிக்கு மிகப் பொருத்தமானவர்கள்.

அந்தப் பணியாளர் கையில் ஒரு நல்ல கருவி இருக்கிறது. யார் என்ன தேடினார்கள் என்பதைத் தேடுபொறி பதிந்து வைக்கிறது. அதில் விடையே கிடைக்காமல் போன தேடல்களைத் தனியே பிரித்து வாரம் ஒருமுறை படித்தால், மூன்று வகை தெரியும். சில கேள்விகளுக்குத் தாள் இருக்கிறது, சொல்தான் வேறு. இணைச்சொல்லைச் சேர்த்தால் போதும். சிலவற்றுக்குத் தாள் இருக்கிறது, பார்க்க அனுமதி இல்லை; அந்தத் தடை தேவையா என்று உரிய அதிகாரியிடம் கேட்க வேண்டும். மீதியுள்ளவற்றுக்கு எங்கும் தாளே இல்லை. ஒரே கேள்வியை ஐந்து ஊர்களிலிருந்து ஐந்து பேர் கேட்டிருப்பார்கள். அதற்கு விடை தெரிந்தவர் யார் என்று விசாரித்து, அவருக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கிக் கொடுத்து, எழுதி வாங்கி, அவர் பெயரைக் கீழே போட்டு ஏற்ற வேண்டும்.